வாய் அசையும் ஃபோம் பொம்மை: குஷன் ஷீட்டா, கட்டை ஃபோமா, ஈவா ஷீட்டா?

கைக்குள் மாட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பேச வைக்கிற பொம்மை செய்யணும், எந்த ஃபோம் வாங்கலாம் என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் டீச்சர்கள். தொடக்கப் பள்ளியில் நடக்கிற 'எண்ணும் எழுத்தும்' வகுப்புக்கு ஒன்று வேண்டும் என்பார்கள். மீதிப் பேரில் கோடை லீவில் ஞாயிறு பள்ளி நடத்துகிற அக்காமார்கள், தெருமுனை நாடகம் போடுகிற பசங்க, பிள்ளைக்கு ஏதாவது கையால் செய்து தரலாம் என்று கிளம்பிய அப்பாக்கள். எல்லாரும் போனில் ஒரு போட்டோவோடுதான் வருகிறார்கள். பெரிய கண், உருண்டை மூக்கு, ஆரஞ்சு முடி. "இதே மாதிரி வரணும்."

அந்த போட்டோவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்த முகம் எந்த ஃபோமிலும் வரும். முகத்தைப் பார்த்து ஃபோம் வாங்கினால் பெரும்பாலும் தப்பான ஃபோம்தான் வீட்டுக்கு வரும். உள்ளே போகிற கையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது: யாருடைய கை, எவ்வளவு நேரம் உள்ளே இருக்கப் போகிறது, மார்பளவில் பிடிக்கப் போகிறீர்களா அல்லது திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கப் போகிறீர்களா, ஒரே ஆளா, நாலு பேர் மாறி மாறிப் போட்டுக்கொள்வார்களா.

நம்ம சென்னைப் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பது மூன்று. சோபாவுக்கும் ஆட்டோ சீட்டுக்கும் போடுகிற குஷன் ஃபோமை ஷீட்டாக வாங்கி வெட்டி ஒட்டுவது ஒன்று. அதே ஃபோமைக் கனமான கட்டையாக வாங்கிச் செதுக்குவது இரண்டு. ஸ்டேஷனரி கடையிலும் செருப்புச் சாமான் கடையிலும் கிடைக்கிற, ரப்பர் மாதிரி வளைகிற ஈவா (EVA) ஷீட் மூன்று. நாலாவதாக கொளத்தூரில் ஒரு சரக்கு இருக்கிறது, அதை நடுவில் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

வாய் மூடுகிறதா. திறப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லா பொம்மையும் திறக்கும். தமிழ் பேசுகிற பொம்மைக்கு மூடுவதுதான் வேலை. "பாப்பா, மாமா, தம்பி, அம்மா எல்லாரும் வந்தாச்சு" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ப, ம வருகிற இடத்திலெல்லாம் உங்கள் உதடு ஒட்டி ஒட்டிப் பிரியும். பொம்மையின் வாயும் அங்கே ஒட்ட வேண்டும். ஃபோம் விறைப்பாக இருந்தால் கட்டைவிரல் மேலே வருவதற்குள் அடுத்த சொல் போய்விடும், வாய் பாதி திறந்தபடியே நிற்கும், முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு பொம்மை பேசுகிறது என்ற எண்ணமே வராது. கடையிலேயே ஷீட்டை மடித்து விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து இந்த வரியைச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

எடை. குஷன் கடையில் 23 டென்சிட்டி, 28, 32, 40 என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் அத்தனை கிலோ எடை என்பதுதான் அதற்கு அர்த்தம். அரை இஞ்ச் கனத்தில் இரண்டடிக்கு இரண்டடி ஷீட், 28 டென்சிட்டியில், கணக்குப் போட்டால் 130 கிராம் சுற்றி வரும். ஒரு தலைக்கு அது தாராளம். அதே ஃபோமில் எல்லாப் பக்கமும் பத்து இஞ்ச் உள்ள கட்டை கிட்டத்தட்ட 460 கிராம். செதுக்கி, உள்ளே குடைந்து பாதியை எடுத்துப் போட்டாலும் 200க்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம். மேசையில் வைத்துப் பார்த்தால் 100 கிராம் ஒன்றுமே இல்லை. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினால் தோள்பட்டை சொல்லிவிடும்.

வியர்வை. ஏப்ரல், மே மாதத்தில் நம்ம ஊரில் ஃபோமுக்குள் கை வைத்தால் ஐந்து நிமிஷத்தில் உள்ளே ஈரம். அந்த ஈரம் எங்கே போகிறது, எப்படிக் காய்கிறது என்பதை எவரும் வாங்கும்போது யோசிப்பதில்லை. ஒரே பொம்மையைப் பல பேர் போடும் பள்ளிக்கூடத்தில் முதலில் யோசிக்க வேண்டியதே இதைத்தான்.

பசை, வேலை செய்கிற இடம். ஒற்றை அறையும் ஒரு ஜன்னலும் உள்ள வீட்டில் அடுப்பும் அங்கேயே என்றால், ரப்பர் பசையை வைத்து மணிக்கணக்கில் வேலை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இது ஃபோம் தேர்வையே மாற்றுகிற விஷயம்.

ஆயுள், ரிப்பேர். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாக இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் முக்கியம்.

விலையைக் கடைசியில் வைக்கிறேன். ஃபோம் இந்தக் கணக்கிலேயே மலிவான சாமான். பசை, மேலே போர்த்துகிற துணி, பிளேடு, உங்கள் நேரம், செலவு எல்லாம் அங்கேதான் போகும்.

## குஷன் ஷீட்: வெட்டி ஒட்டுவது

அரை இஞ்ச் ஷீட்டில் வடிவம் வரைந்து, முக்கோணமாக டார்ட் வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்புகளை ஒன்றோடொன்று ஒட்டினால் தட்டை ஷீட் தானாகவே உருண்டு தலையாகிவிடும். பிளவுஸ் தைக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம், மார்புக்கு டார்ட் பிடிக்கிற அதே கணக்குதான். டெய்லர் வேலை தெரிந்த அம்மாவோ அத்தையோ வீட்டில் இருந்தால் பேட்டர்னை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். முதல் முறையே நம்மைவிட நன்றாக வரும்.

வாங்குவதற்கு எங்கேயும் தேடிப் போக வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எங்கே பார்த்தாலும் சீட் தைக்கிற குஷன் கடை இருக்கும். சீட்டுக்கு வெட்டியது போக மீந்த துண்டுகள் ஒரு மூலையில் கிடக்கும், கேட்டால் எடைக்கோ சும்மாவோ கொடுப்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பல நிறத் துணுக்குகளைச் சேர்த்து அழுத்திச் செய்த ரீபாண்டட் ஃபோமைத் தலையில் கட்டிவிடுவார்கள். கனமாக, கட்டியாக இருக்கும், மடியவே மடியாது. அது வேண்டாம். மெதுவாக மேலே எழும்புகிற மெமரி ஃபோமும் வேண்டாம், வாய் சோம்பேறியாகிவிடும்.

டென்சிட்டி நம்பரை வைத்து மிருது, கடினம் என்று முடிவு செய்யாதீர்கள். டென்சிட்டி வேறு, கடினம் வேறு; ஒரே 32இல் மெத்தென்றும் கிடைக்கும், கட்டையாகவும் கிடைக்கும். கட்டைவிரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள், சட்டென்று எழும்ப வேண்டும், ஆனால் அழுத்துவதற்குத் தெம்பு தேவைப்படக் கூடாது.

ஒட்டுகிற இடம்தான் இந்த முறையின் உயிர். சோபா வேலைக்கு வாங்குகிற ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசைதான் சரி. வெள்ளை ஃபெவிகால் ஃபோமுக்குள் ஊறி, காய்ந்ததும் கட்டியாகிவிடும். ரப்பர் பசையை இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவ வேண்டும், தடவிய உடனே ஒட்டக் கூடாது. பளபளப்பு அடங்கி, விரலால் தொட்டால் பிசுக்கென்று இருக்க வேண்டும், ஆனால் நூலாக இழுக்கக் கூடாது, அதுதான் நேரம். அப்போது ஒரு முனையிலிருந்து கிள்ளிக் கிள்ளிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பிடித்தால் பிடித்ததுதான். பிரித்து மறுபடி ஒட்டினால் ஃபோம் கிழியும். அதனால் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு பக்கமும் கோடு போட்டு வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், கோடும் கோடும் சேர்ந்தால் தலை கோணாது.

மறைந்திருக்கிற செலவு என்ன? முதலில் பிளேடு. மழுங்கிய கட்டர் ஃபோமை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த விளிம்பு ஒட்டினால் மேடு தட்டும், மேலே துணி போர்த்தினாலும் தெரியும். கட்டர் பிளேடின் முனையைத் தயங்காமல் உடைத்து உடைத்துப் போடுங்கள். அடுத்தது பசையின் ஆவி. டப்பாவின் மேல் எரியக்கூடியது என்று போட்டிருப்பது சும்மா இல்லை. அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மாடியில் உட்கார்ந்து செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறொரு தொல்லை: காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பசை காயும்போது மேலே வெள்ளையாகப் பூத்துக்கொண்டு பிடிக்காமல் போகும். அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவதுதான் லாபம். அப்புறம் கண்ணுக்கு தெர்மாகோல் உருண்டை வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும், இந்தப் பசை பட்டால் தெர்மாகோல் கரைந்து குழி விழுந்துவிடும். அங்கே மட்டும் வெள்ளை ஃபெவிகால்.

பசையே வேண்டாம் என்றால் தடித்த நூலால் விளிம்புகளைத் தைக்கலாம். இழுத்து இறுக்கினால் நூல் ஃபோமை அறுத்துவிடும், தளர்வாக நெருக்கிப் போட வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் நாற்றம் இல்லை, வீட்டுக்குள்ளேயே டிவி பார்த்துக்கொண்டு செய்யலாம்.

இன்னொரு செலவு துணி. குஷன் ஃபோமை வெறுமனே விட முடியாது. வெயில் படப் பட மஞ்சளாகும், கொஞ்ச வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரவும் ஆரம்பிக்கும். போர்த்துவதற்கு இழுபடுகிற துணி வேண்டும்: ஃபிளீஸ் கிடைத்தால் முதல் தரம், தைத்த பின் தையல் மேல் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் பஞ்சு மேலே வந்து தையலே தெரியாது. ஜாக்கெட், ஸ்வெட்டருக்கான துணி என்பதால் நம்ம ஊரில் எல்லாக் கடையிலும் இருக்காது. கோடவுன் தெருவில் விசாரித்துப் பாருங்கள், மீட்டர் கணக்கில் தருகிற கடையாகப் பார்த்து. இல்லாவிட்டால் பழைய டி ஷர்ட், பனியன் துணி போதும். தையல் கொஞ்சம் தெரியும், அதைக் கழுத்துக்குப் பின்னாலும் முடிக்கு அடியிலும் வருகிற மாதிரி வைத்துவிட்டால் ஆயிற்று. எம்.சி. ரோட்டில் ஒரு சுற்று சுற்றினால் ஃபர் துணித் துண்டு, லேஸ், பொம்மைக்குச் சட்டை எல்லாம் தேறிவிடும்.

இது யாருக்கு: தினமும் வகுப்பில் பயன்படுத்துகிறவருக்கு, நிறையப் பேசுகிற பொம்மைக்கு, ஒரே மாதிரி இரண்டு மூன்று செய்ய வேண்டியவருக்கு. பேட்டர்ன் காகிதத்தில் இருக்கிறது, கிழிந்தால் இன்னொரு தலை வெட்டிக்கொள்ளலாம். கன்னம், தாடை என்று நுணுக்கமான முகம் வேண்டுமென்றால்தான் இது கையை விரிக்கும். ஷீட் உருண்டையும் நீள்வட்டமும் நன்றாகச் செய்யும், சுருக்கம் விழுந்த தாத்தா முகம் செய்யாது.

## கட்டை ஃபோம்: செதுக்குவது

தாத்தா முகம் வேண்டுமா, இதுதான் வழி. ஓநாய், முதலை, மூக்கு நீண்ட மந்திரி, எல்லாம் கட்டையிலிருந்துதான் வெளியே வரும். முன்பக்கம் ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு வரைந்து, பிரெட் வெட்டுகிற பல் கத்தியால் பெரிய துண்டுகளை எடுத்துவிட்டு, அப்புறம் சின்னக் கத்தரிக்கோலால் துளித்துளியாகக் கிள்ளிக்கொண்டே வர வேண்டும். வாய்க்குப் பிளவு போட்டு, கீழேயிருந்து கை போகிற அளவுக்குக் குடைய வேண்டும். குடைவதுதான் பாதி வேலை. வெளியே அழகாக வந்துவிட்டது என்று குடைவதை அவசரமாக முடிக்கிறவர்களின் பொம்மைக்குத்தான் வாய் நகராது: கன்னத்தில் இரண்டு இஞ்ச் கனத்துக்கு ஃபோம் இருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தக் கனத்தை விரல் அமுக்கித் தள்ள வேண்டியிருக்கும். வாயின் ஓரத்தில், மேல் தாடையும் கீழ்த் தாடையும் சேர்கிற இடத்தில், சுவர் அரை இஞ்சுக்கு மேல் இருக்கவே கூடாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தால் எங்கே கனம் இருக்கிறது என்று நிழலில் தெரியும்.

சூடான கம்பியால் வெட்டலாமே என்று கேட்பார்கள். தெர்மாகோலுக்கு அது பழகிப் போன வழி, குஷன் ஃபோமுக்கு வேண்டவே வேண்டாம். குஷன் ஃபோம் பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக், அது கருகினால் சயனைடு கலந்த நச்சுப் புகை வரும். கத்தரிக்கோலே போதும். துணுக்கு பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கிற செலவு இங்கே வீணாகிற ஃபோம். வாங்கியதில் பாதிக்கு மேல் குப்பைக்கு. பை நிறையச் சேர்த்து வைத்தால் பொம்மையின் வயிற்றுக்கோ தலையணைக்கோ ஆகும், அவ்வளவுதான். பத்து இஞ்ச் கனத்தில் கட்டை எல்லாக் கடையிலும் இருக்காது. நாலு இஞ்ச் ஷீட்டை ஒன்றன் மேல் ஒன்று ஒட்டித் தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்வதற்கு முன் யோசியுங்கள், பசைக் கோடு காய்ந்தால் அந்த இடத்தில் கத்தரி சிக்கும், முகத்தின் குறுக்கே ஒரு தழும்பு மாதிரி நிற்கும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பசைக் கோடு வாய் வருகிற இடத்தில் விழுகிற மாதிரி அளந்து ஒட்டச் சொல்லுங்கள், எப்படியும் அங்கே பிளக்கத்தானே போகிறோம்.

அடுத்தது, அதிகமாக எடுத்துவிட்டால் திரும்ப வராது. ஷீட்டில் ஒரு துண்டு கெட்டால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். கட்டையில் மூக்கு போனால் மூக்கு போனதுதான், ஒட்டு மூக்கோடு காலம் தள்ள வேண்டும். இரண்டாவது பொம்மை முதலாவது மாதிரி வரவே வராது. உள்ளே ஈரம் காய்வதும் மெதுவாகத்தான், சுவர் கனம் அப்படி. உபயோகித்த அன்றே ஃபேனுக்குக் கீழே வாயைத் திறந்து வைத்துக் காயவிடாமல் பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை நிச்சயம்.

இது யாருக்கு: மேடை நாடகத்துக்கு, தூரத்திலிருந்து பார்த்தாலே யார் என்று தெரிய வேண்டிய ஒற்றைப் பாத்திரத்துக்கு. கொஞ்ச நேரம் வந்து மிரட்டிவிட்டுப் போகிற வில்லனுக்கு எடை ஒரு பொருட்டில்லை. கதை முழுக்கப் பேசுகிற நாயகனை மட்டும் கட்டையில் செய்யாதீர்கள்.

## ஈவா ஷீட்

இரண்டு மில்லி, மூன்று மில்லி கனத்தில் கலர் கலராக, மினுமினுப்பு போட்டுக்கூட ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். கனமான ஷீட் வேண்டுமென்றால் பெரியமேட்டில் செருப்பு, தோல் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள், செருப்பு அடிப்பாகத்துக்குப் போடுகிற அதே சரக்கு.

இதில் நல்லது நிறைய. கத்தரிக்கோலாலேயே வெட்டலாம், விளிம்பு சுத்தமாக இருக்கும். நிறம் ஷீட்டிலேயே இருப்பதால் துணி போர்த்த வேண்டியதில்லை. துடைத்தால் அழுக்கு போய்விடும். ஹேர் டிரையரால் சூடு காட்டி வளைத்துப் பிடித்தால் ஆறியதும் அந்த வளைவில் நிற்கும். ஹாட் குளூவே ஒட்டும். குஷன் ஃபோமில் ஹாட் குளூ போட்டால் கோடு கட்டியாகிப்போய் விரலுக்கு உறுத்தும், வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் இளகியும்விடும். ஈவாவில் அந்த உறுத்தல் அவ்வளவாகத் தெரியாது, இளகுவது மட்டும் இங்கேயும் உண்டு.

கெட்டது ஒன்றே ஒன்று, ஆனால் அது வாயில் இருக்கிறது. ஈவா ஷீட் வளைத்தால் நிமிரப் பார்க்கும். விரலை எடுத்தால் வாய் தானாகவே திறந்துகொள்ளும், மூடி வைத்திருக்க நீங்கள் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மேலே சொன்ன பாப்பா, மாமா சோதனையில் மூன்றில் முதலில் தோற்பது இதுதான். சரி செய்ய முடியாதா என்றால் முடியும்: கன்னத்தில் ஈவா வராமல் விட்டு, மேல் தலையையும் கீழ்த் தாடையையும் தனித்தனியாகச் செய்து, நடுவில் பனியன் துணியால் இணைத்துவிட வேண்டும். அப்போது அசைவது துணிதான், ஈவா வெறும் ஓடு. தவளை, ஆமை, ரோபோ மாதிரி உருவங்களுக்கு இது கச்சிதம்.

காற்றுப் போகாது என்பது இன்னொன்று. குஷன் ஃபோம் வியர்வையை உறிஞ்சும், அது ஒரு தொல்லை. ஈவா உறிஞ்சவே உறிஞ்சாது, ஈரம் கையிலேயே நிற்கும், வழுக்கும். உள்ளே பருத்தித் துணியில் கையுறை மாதிரி ஒன்று தைத்து மாட்டாமல் ஈவா பொம்மையை அரை மணி நேரம் போடச் சொன்னால் எவரும் மறுநாள் வர மாட்டார்கள்.

இது யாருக்கு: ஒரே நாளில் முப்பது நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து பொம்மை செய்யச் சொல்லித் தருகிறவருக்கு. அங்கே ரப்பர் பசையைப் பற்றி நினைக்கவே கூடாது. பிள்ளைகள் செய்கிற பொம்மை மணிக்கணக்கில் பேசப் போவதும் இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் காட்டினால் போதும்.

## கொளத்தூர் சரக்கு

வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன கொளத்தூரில் மீன்தொட்டி வடிகட்டிக்கு விற்கிற ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஊதினால் காற்று மறுபக்கம் வரும். ரெட்டிகுலேட்டட் ஃபோம் என்று சொல்கிற வகை. அமெரிக்காவில் தொழிலாகவே பொம்மை செய்கிறவர்கள் தேடி வாங்குவது இந்த வகையைத்தான். காற்றோட்டம், சீக்கிரம் காய்வது, கசக்கினால் உடனே பழைய வடிவத்துக்கு வருவது, மூன்றும் இதில் உண்டு. கண் பெரிதாக இருக்கிற ஸ்பாஞ்சு வேண்டாம், பசை ஒட்டுவதற்கு இடமே இருக்காது. பொடிக் கண்ணாகப் பார்த்து எடுங்கள். நீலம், கறுப்பு என்று நிறம் இருக்கும், வெளிர் நிறத் துணி போர்த்தினால் உள்ளேயிருந்து தெரியும். அரை இஞ்சில் பெரிய ஷீட்டாகக் கிடைத்தால் குஷன் ஷீட்டை மறந்துவிடலாம். பெரும்பாலும் கனமாகவோ சின்னதாகவோதான் கிடைக்கும் என்பதால் இதைத் தனியாக ஒரு தேர்வாக வைக்கவில்லை. கிடைத்தால் அதிர்ஷ்டம்.

## ஒரே பார்வையில்

| | குஷன் ஷீட் | கட்டை ஃபோம் | ஈவா ஷீட் |
|---|---|---|---|
| வாய் மூடுவது | நன்று | நன்றாகக் குடைந்தால் மட்டும் | கன்னத்தில் துணி வைத்தால் சரி |
| எடை | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| வியர்வை | உறிஞ்சும், ஓரளவு சீக்கிரம் காயும் | உறிஞ்சும், காய நேரமாகும் | உறிஞ்சாது, வழுக்கும் |
| பசை | ரப்பர் பசை அல்லது தையல் | வாய்க்கு மட்டும் | ஹாட் குளூ போதும் |
| மேல் துணி | கட்டாயம் | போர்த்துவது நல்லது | வேண்டாம் |
| முக நுணுக்கம் | நடுத்தரம் | அதிகம் | எளிய உருவங்கள் |
| இன்னொன்று அதே மாதிரி | சுலபம் | வராது | சுலபம் |

## வாய்த் தகடு: ஃபோமைவிட இதில் செலவழியுங்கள்

எந்த ஃபோம் எடுத்தாலும் வாய்க்குள்ளே, விரலுக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஒரு தகடு வேண்டும். அது இல்லாமல் வெறும் ஃபோமைப் பிடித்து அசைத்தால் உதடு கோணிக்கொண்டு போகும். எதிர்வாதமும் உண்டு: மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய அமெரிக்கர் ஜிம் ஹென்சன் 1955இல் தன் புகழ்பெற்ற கெர்மிட் பொம்மையின் முதல் வடிவத்தைத் தன் அம்மாவின் பழைய கோட்டையும் இரண்டாக வெட்டிய பிங்பாங் பந்தையும் வைத்துத்தான் செய்தார், தலைக்குள் இருந்தது அவர் கைதான், அதனால்தான் அந்த முகம் அத்தனை விதமாகச் சுளித்தது. ஆனால் அதற்கு அந்தக் கை வேண்டும். நமக்குத் தகடு.

நாலு விரலையும் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ அதைவிட ஒரு விரல் கூட, அவ்வளவுதான் தகட்டின் அகலம். இரண்டு அரைவட்டங்களாக வெட்டி, நடுவில் ஜீன்ஸ் துணிப் பட்டையைக் கீலாக ஒட்ட வேண்டும். இரண்டையும் முட்ட வைத்து ஒட்டிவிடக் கூடாது. தகட்டின் கனத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளியாவது நடுவில் விட்டால்தான் முழுசாக மடியும். வாய் மூடவில்லை என்று ஃபோமைத் திட்டுகிறவர்களின் பொம்மையைத் திறந்து பார்த்தால் பாதி நேரம் இந்த இடைவெளி இருக்காது.

எதில் வெட்டுவது? கார்ட்போர்டு அட்டை சீக்கிரம் முடியும், சீக்கிரம் செத்தும் போகும், வியர்வையில் ஊறி ஒரு வாரத்தில் துவண்டுவிடும். ஃபைல் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், எத்தனை முறை மடித்தாலும் உடையாது, ஆனால் பசை பிடிக்காது, ஒரு நாள் முழுத் தகடும் உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும். அதற்குத் துளை போட்டு நூலால் தைக்க வேண்டும். பெரியமேட்டில் கிடைக்கிற மூன்று மில்லி ரப்பர் ஷீட்டோ, பை தைத்து மீந்த தடித்த தோல் துண்டோ சரியாக இருக்கும்: பசை பிடிக்கும், விரல் வழுக்காது, ஈரத்துக்கு அசையாது. இங்கே ஈவாவும் நன்றாக உழைக்கும், ஐந்து மில்லியில்.

தகட்டின் பின்பக்கம் விரல் பிடிக்க எலாஸ்டிக் வளையம் வைப்பது வழக்கம். மேலே ஒன்று நாலு விரலுக்கு, கீழே ஒன்று கட்டைவிரலுக்கு. உங்களுக்கு மட்டும் என்றால் அதுவே போதும். பள்ளிக்கூடத்துக்கு என்றால் வளையத்துக்குப் பதிலாகத் துணியில் பை மாதிரி தைத்துவிடுங்கள், சின்னக் கையும் போகும், பெரிய கையும் போகும், கழற்றித் துவைக்கவும் முடிகிற மாதிரி ஓரத்தில் வெல்க்ரோ வைத்துவிட்டால் வியர்வைப் பிரச்சினை முக்கால்வாசி தீரும். பேசும்போது கட்டைவிரல்தான் இறங்கி ஏற வேண்டும், மேல் விரல்கள் அசையாமல் நிற்க வேண்டும். மேல் விரலைத் தூக்கினால் பொம்மை ஒவ்வொரு சொல்லுக்கும் வானத்தைப் பார்க்கும்.

## அப்போ எதை எடுக்கலாம்

தினமும் வகுப்பெடுக்கிற டீச்சருக்கு குஷன் ஷீட், ரப்பர் தகடு, துவைக்கிற உள்துணி. மேலே போர்த்த பனியன் துணியே போதும், பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுக்காக்கத்தான் போகிறார்கள்.

நாடகம் போடுகிற பசங்களுக்கு இரண்டும் கலந்து: அதிகம் பேசுகிறவர்கள் ஷீட்டில், மிரட்டுகிறவர் கட்டையில். எல்லாவற்றையும் கட்டையில் செய்யலாம் என்று ஆசை வரும், ஒத்திகையில் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விடுமுறை வகுப்பு நடத்துகிற அக்காமார்களுக்கு, பிள்ளைகள் செய்வது ஈவாவில், நீங்கள் கையில் போட்டுக்கொண்டு கதை சொல்வது ஷீட்டில். ஈவாவை முந்தின நாளே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஹாட் குளூ துப்பாக்கி பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும்.

பிள்ளைக்கு ஒன்றே ஒன்று செய்கிற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையின் கைக்குத் தகடு வெட்டப் போகிறீர்களா, உங்கள் கைக்கா என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்குச் செய்தால் அவர்கள் கேட்கிறபோதெல்லாம் நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும். குழந்தையின் கைக்கென்றால் மிருதுவான குஷன் ஷீட், அரை இஞ்ச் வேண்டாம், கால் இஞ்ச் போதும். சின்ன விரலுக்கு அரை இஞ்ச் ஃபோமை மூடுகிற தெம்பு இருக்காது.

கடலோரத்தில் இருப்பவர்கள் எந்தப் பொம்மையானாலும் ஜன்னலோரத்தில் மாட்டி வைக்காதீர்கள். காய்ந்த பின் துணிப் பையில் போட்டு, பீரோவுக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் தலையை மாட்டி நிற்க வையுங்கள். மேலே எதையாவது அடுக்கி நசுங்கவிட்டால் ஃபோம் அந்த நசுங்கலிலேயே பழகிவிடும். வாய்க்குள் மட்டும் ஒரு துணிச் சுருளை வைத்து லேசாகத் திறந்தபடி விடுங்கள், கீல் துணியில் மடிப்பு விழாது.